ஏஜிஎன் வின்ட் சிமுலேஷனா? முதல்ல 1டில ஒரு குமிழி ஊதிப் பாருங்க

கேலக்ஸி நடுவுல கேஸை விழுங்கி பிரகாசமா இருக்குற கருந்துளை (ஏஜிஎன்), அதுல இருந்து வேகமா கிளம்புற கேஸால (வின்ட்) எப்படி சுத்தி இருக்குற கேஸை வெளிய தள்ளுதுன்னு சிமுலேட் பண்ண வர்றவங்க நிறைய பேர் எடுத்த எடுப்புலயே 3டி, கூலிங் (கேஸ் ஒளியா ஆற்றலை இழந்து ஆறுறது), மேகம் மேகமா கேஸ்னு எல்லாத்தையும் ஒண்ணா போட்டுடுறாங்க, அப்புறம் ரிசல்ட் தப்பா வந்தா எங்க தப்புன்னே கண்டுபிடிக்க முடியாது. அதனால தயவுசெஞ்சு 1டில (மையத்துல இருந்து தூரம் மட்டும்) ஆரம்பிங்க, லேப்டாப்பே போதும்.

நான் யூஸ் பண்றது ப்ளூட்டோ கோட், கேஸ் ஓட்டத்தை சிமுலேட் பண்ற சாஃப்ட்வேர். ஸ்ஃபெரிக்கல் கிரிட், 10 பார்செக்ல (1 பார்செக் = 3.26 ஒளியாண்டு) இருந்து 3 கிலோபார்செக் வரைக்கும், 1500 செல். வெளிய கன சென்டிமீட்டருக்கு 1 புரோட்டான், கூலிங் ஆஃப். உள் பவுண்டரில வின்ட்: ஏஜிஎன் ஒளி 10^46 எர்க்/செகண்ட்னா அதுல 5% இயக்க ஆற்றல், வேகம் 30,000 கிமீ/செகண்ட். கணக்கு போட்டா வருஷத்துக்கு 1.8 சூரிய நிறை கிட்ட வரும்.

இங்க யூனிட்ல ரொம்ப கவனம். ப்ளூட்டோல டைமுக்குன்னு தனியா யூனிட் குடுக்க முடியாது, நீளத்தை வேகத்தால வகுத்தா வர்றதுதான். நான் நீளத்தை 1 கிலோபார்செக்னு மாத்திட்டு வேகத்தை டிஃபால்ட் 1 கிமீ/செகண்ட்லயே விட்டுட்டேன், டைம் 1 வரைக்கும் ஓடுன்னா அது 98 கோடி வருஷம், ஷாக் (வின்ட் மோதி வெளி கேஸ்ல கிளம்புற அதிர்ச்சி அலை) எப்பவோ கிரிட்டைத் தாண்டி போயாச்சு, ரெண்டு நாள் பவுண்டரிலயே தப்பு தேடிட்டு இருந்தேன். வேகத்தை 1000 கிமீ/செகண்ட்னு வைங்க, டைம் யூனிட் 9.8 லட்சம் வருஷம் ஆயிடும், கையாளவும் ஈஸி.

ஓடி முடிஞ்சதும் இதோட ஒப்பிடுங்க: ஷாக் ஆரம் = 0.88 × (வின்ட் பவர் ÷ வெளி கேஸ் அடர்த்தி)^(1/5) × காலம்^(3/5). 10 லட்சம் வருஷத்துல 1.8 கிலோபார்செக் கிட்ட, ஷாக் வேகம் 1000 கிமீ/செகண்டுக்கு கொஞ்சம் மேல வரணும். வரலன்னா அடுத்த ஸ்டெப்புக்கு போகாதீங்க.

வந்துச்சுன்னா கூலிங்கை ஆன் பண்ணுங்க. வின்ட் ஷாக்ல (வின்ட் தானே மோதி வேகம் குறையுற இடம்) சூடு 1000 கோடி கெல்வினைத் தாண்டும், அது லேசுல ஆறாது, இந்த சூடான கேஸ் குமிழியை வெளிய தள்ளுறதே அதோட அழுத்தம்தான். வெளி கேஸ் அடர்த்தியா இருந்தா அது மட்டும் ஆறி மெல்லிசா ஓடு மாதிரி ஆகும், அப்ப மேல சொன்ன ஃபார்முலால 0.88க்கு பதிலா 0.76.

3டிக்கு போறப்ப செல் பெருசாயிடும், அப்ப ஆற்றலை வெறும் சூடா அடர்த்தியான செல்லுக்குள்ள கொட்டாதீங்க, அடுத்த சில ஸ்டெப்லயே கூலிங் அத்தனையையும் தின்னுடும், வின்டே கிளம்பாது. வேகத்தோட வின்டாவே உள்ள விடுங்க.