மரம் வெட்டக் கூலி குறைவாகச் சொல்பவர் எதையெல்லாம் விட்டுவிட்டுச் சொல்கிறார்?

கொல்லையில் நிற்கும் நாற்பதடித் தென்னையைப் பார்த்து மூன்று பேர் மூன்று விலை சொல்வார்கள். மூன்றாமவர் கேட்பது மற்றவர்கள் கேட்டதில் பாதிகூட இருக்காது. "ரெண்டு மணி நேர வேலை சார், மெஷின் இருக்கு" என்பார். மெஷின், அதாவது சங்கிலி ரம்பம், இருப்பது உண்மைதான். ஆனால் மரத்தை அறுப்பதற்கு ஆகும் செலவு கொஞ்சம். அறுத்த பாரம் மதில், சம்ப் மூடி, மின்கம்பி, பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை எதன் மேலும் படாமல் தரைக்கு வந்து சேர வேண்டும். கூலியில் பெரும்பகுதி அதற்குத்தான். பாதி விலைக்காரர் அந்தப் பகுதியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பாரத்தைக் குறைத்து எடைபோடுவது

ஓரடி விட்டமுள்ள பச்சைத் தென்னையில் மூன்றடித் துண்டு ஐம்பது, அறுபது கிலோ வரும். முப்பதடி உயரத்திலிருந்து அது நேராக விழுந்தால் சம்ப் மேல் போட்ட சிலாப் தாங்காது, மண்ணுக்குள் போகும் பிவிசி குழாயும் நசுங்கும். அதனால் நெருக்கடியான இடத்தில் தென்னையை அடியோடு சாய்ப்பதில்லை. முதலில் குலைகள், பிறகு மட்டைகள், பிறகு கொண்டை. அதன் பின் மேலிருந்து துண்டு துண்டாக, ஒவ்வொன்றையும் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். மேலே ஒருவர், கீழே கயிறு பிடிக்க இருவர், தெருவில் ஆள் வராமல் பார்க்க ஒருவர். இரண்டே பேர் வந்து இறங்கினால், கயிறு பிடிக்க ஆள் இல்லை என்று பொருள்.

கயிற்றையும் பாருங்கள். கடையில் கிலோ கணக்கில் விற்கும் நீல நிறப் பிளாஸ்டிக் கயிறு, பாரத்தோடு கிளையில் உரசி ஓடும்போது சூட்டில் இளகிவிடும். கயிறு தொய்வாக இருக்கும்போது கிளையை அறுத்தால், அது கொஞ்ச தூரம் விழுந்து வெடுக்கென்று நிற்கும். அந்த ஒரு நொடியில் கயிற்றுக்கு வரும் இழுவை கிளையின் எடையைப்போலப் பல மடங்கு. தெரிந்தவர் கயிற்றை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, உரசலையே பிரேக்காக வைத்து மெதுவாக விடுவார். தெரியாதவர் வெறுங்கையில் பிடிப்பார். கையில் தோல் உரிந்ததும் விட்டுவிடுவார்.

ஒரே அறுப்பில் கிளையை எடுப்பது

வேம்பு, வாகை, தூங்குமூஞ்சி போன்றவற்றின் தடித்த கிளையை மேலிருந்து ஒரே அறுப்பாக அறுத்தால், முக்கால்வாசி போவதற்குள் கிளை தன் எடையில் மடங்கி, அடிமரத்துப் பட்டையை இரண்டடிக்கு உரித்துக்கொண்டு விழும். சில சமயம் ஏறியவர் நிற்கும் பக்கமே வீசும். சரியான முறையில் மூன்று அறுப்பு. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் கீழ்ப்புறத்தில் கால்பங்கு ஆழத்துக்கு ஒன்று. அதற்கு ஓரிரு அங்குலம் வெளியே மேலிருந்து இன்னொன்று, கிளை இதில் விழுந்துவிடும். மிஞ்சிய குட்டைக் கட்டையை, கிளை புறப்படும் இடத்தில் வளையம்போலப் புடைத்திருக்கும் பகுதியைத் தொடாமல், அதன் வெளி ஓரத்தில் மூன்றாவதாக அறுக்க வேண்டும். மரத்தின் காயம் மூடுவது அந்தப் புடைப்பிலிருந்துதான். அதையும் சேர்த்துச் சீவினால் காயம் மூடாது, நான்கைந்து மழைக்குப் பிறகு உள்ளே பொந்து விழும்.

மரத்தை முழுதாகச் சாய்க்க இடம் இருந்தாலும் கணக்கு உண்டு. விழ வேண்டிய பக்கம், விட்டத்தில் ஏறக்குறைய கால்பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி எடுக்க வேண்டும். பின்பக்க அறுப்பை முழுக்கக் கொண்டுபோகாமல், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மரத்தை அறுக்காமல் விட வேண்டும். கதவுக்குக் கீல்போல அதுதான் மரத்தைத் திசை மாறாமல் சாய்க்கும். அவசரத்தில் அதையும் அறுத்துவிட்டால், மரம் எந்தப் பக்கம் விழும் என்பது காற்றின் கையில். ஏற்கெனவே சாய்ந்து நிற்கும் மரத்தைப் பின்னாலிருந்து அறுத்தால் தண்டு நீளவாக்கில் பிளந்து, பிளந்த பாதி பின்னால் எகிறும். மெஷின் பிடித்திருப்பவரின் முகம் அப்போது அங்கேதான் இருக்கும். தென்னையில் கீலை நம்பவே முடியாது. அது நார்க்கட்டு, மற்ற மரம்போல மடங்காது.

"மெயினை ஆஃப் பண்ணிட்டோம் சார்"

மிக ஆபத்தான தவறு இதுதான். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தால் வீட்டுக்குள் மட்டுமே மின்சாரம் நிற்கும். கம்பத்திலிருந்து மீட்டருக்கு வரும் சர்வீஸ் ஒயரில் மின்சாரம் அப்படியே இருக்கும். தெருவில் போகும் 11 கே.வி. (பதினோராயிரம் வோல்ட்) லைனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது மேலுறை இல்லாத வெறுங்கம்பி. பச்சை மட்டைக்குள் ஈரம் இருக்கிறது, அது மின்சாரத்தைக் கடத்தும். காய்ந்த குச்சியால் தள்ளிவிடலாம் என்கிற பேச்சும் வேண்டாம்.

லைனுக்குப் பக்கத்தில் மரம் இருந்தால், உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு எழுதிக் கொடுத்து, ஷட்டவுன் வாங்கி, லைன்மேன் உடனிருக்கும்போதுதான் வேலை தொடங்க வேண்டும். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-லும் சொல்லலாம். ஷட்டவுனுக்காக இரண்டு நாள் காத்திருக்கத் தயாரில்லாத ஆளை அப்போதே அனுப்பிவிடுங்கள்.

மேலே கதண்டுக் (பெரிய விஷக்குளவி) கூடு இருக்கிறதா என்று முதல் நாளே பார்ப்பதும் இதே கணக்குதான். இருந்தால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

யாருடைய மரம்?

மதிலுக்கு வெளியே நிற்பது, நீங்களே நட்டுத் தண்ணீர் ஊற்றியதானாலும், உங்களுடையதல்ல. அரசு நிலத்து மரங்களை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். சொந்தப் பட்டாவில் இருந்தாலும் சந்தனத்தை வனத்துறையைக் கேட்காமல் தொடக்கூடாது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்பவர் வேலை முடிந்ததும் போய்விடுவார். நோட்டீஸ் வருவது உங்கள் முகவரிக்கு.

புயலுக்கு மறுநாள் ஆள் தேடுவது

2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையைக் கடந்த மறுநாளும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவைச் சாய்த்த பிறகும், ரம்பம் வைத்திருந்தவர் எல்லாம் மரம் வெட்டுபவர் ஆனார். உண்மையில் விழுந்த மரம், நிற்கும் மரத்தைவிடப் பொல்லாதது. வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளை வில்போல விறைப்பாக இருக்கும், தவறான பக்கம் அறுத்தால் முகத்தில் அறையும். வேரோடு சாய்ந்த மரத்தில் தண்டை அறுத்த நொடியில், பாரம் போன வேர்க்கட்டு மண்ணோடு சேர்ந்து திரும்ப எழுந்து குழிக்குள் உட்காரும். அந்தக் குழியில் யாரும் நிற்கக்கூடாது. குழந்தைகள் விளையாடப் போவது பெரும்பாலும் அங்கேதான்.

புயல் பயத்தில் மரத்தை மொட்டையடிக்கச் சொல்வதும் தவறு. முருங்கை தாங்கும். வேம்பையும் தூங்குமூஞ்சியையும் உச்சியில் முண்டமாக வெட்டினால், வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர் வரும். அவை பட்டைக்குக் கீழே மேலோட்டமாக ஒட்டியிருப்பவை, தடித்ததும் காற்றில் பிய்ந்து விழும்.

ஆள் விழுந்தால்

செருப்பும் லுங்கியும் கட்டிக்கொண்டு, ஒற்றைக் கையில் மெஷின் பிடித்து மேலே ஏறுபவரை விடாதீர்கள். சங்கிலி ரம்பத்தின் நுனியில் மேல்பகுதி எதிலாவது பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். இரண்டு கையால் பிடித்திருந்தால்தான் அடக்க முடியும். ஹெல்மெட், இடுப்பு பெல்ட், மரத்தோடு கட்டிய இன்னொரு கயிறு, குறைந்தது இவை மூன்றும் வேண்டும். காப்பீடு உண்டா என்று கேளுங்கள். தென்னை ஏறுபவர்களுக்கு தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா விபத்துக் காப்பீடு இருக்கிறது. இல்லாதவர் விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள், அதில் நியாயமும் உண்டு. அலட்சியத்தால் உயிர் போனால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில் வழக்கு. வேலை கொடுத்தவரையும் போலீஸ் விசாரிக்கும்.

"கூலியே வேண்டாம், மரத்தை எடுத்துக்கிறோம்"

தேக்கு, பலா, பூவரசு, முற்றிய வேம்பு இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு வரும். சம்மதிக்கும் முன் நீங்களே அளந்து பாருங்கள். சுற்றளவை அங்குலத்தில் அளந்து நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தின் அடியால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. 48 அங்குலச் சுற்றளவும் பத்தடி நீளமும் என்றால் பத்து கன அடி. இந்தக் கால்சுற்றளவுக் கணக்கே உண்மையான அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத்தான் காட்டும். மரக்கடையில் ஒரு கன அடி என்ன விலை என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

பாதி அறுத்த மரம் தலைக்கு மேல் தொங்கும்போது கூலியைக் கூட்டிக் கேட்பது பழைய தந்திரம். எத்தனை கிளை, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் அறுப்பது, கழிவை அள்ளுவது யார் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முன்பணம் கொஞ்சமாக இருக்கட்டும், மீதி கழிவு வண்டி ஏறிய பிறகு.

அடிக்கட்டையில் ஆசிட் ஊற்றச் சொல்வார்கள், வேண்டாம். மண் கெடும், வேம்பு எப்படியும் பக்கத்தில் துளிர்க்கும், துளிரைத் திரும்பத் திரும்பக் கிள்ளினால்தான் ஓயும். ஜேசிபி வைத்துப் பிடுங்கினால் மதில் அஸ்திவாரம் அசையும். தென்னைக்கு அந்தக் கவலை இல்லை, வெட்டினால் துளிர்க்காது. ஆனால் வெட்டிய துண்டுகளைக் கொல்லையில் உருட்டிவிட்டுப் போகவிடாதீர்கள். மக்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அடுத்த ஆண்டு பக்கத்தில் நிற்கும் நல்ல தென்னையின் குருத்தில், கத்தரியால் நறுக்கியதுபோல முக்கோண வெட்டோடு ஓலை விரியும்.