ஞானப்பல் எடுத்த பிறகு வீட்டில் ஒரு வாரம்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கீழ்த்தாடையில் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை எடுப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு வரும் வாரம்தான் நீளமானது. ஊரிலென்றால் கஞ்சி வைத்துத் தர அம்மாவோ பெரியம்மாவோ இருப்பார்கள். இங்கே பேஸ்மென்ட் வீட்டில் தனியாக இருப்பவர்களே அதிகம். கிளினிக்கில் கையில் தரும் ஆங்கிலத் தாளில் நம் சாப்பாட்டைப் பற்றியோ, எண்ணெய் கொப்பளிப்பது, கராம்பு வைப்பது போன்ற பழக்கங்களைப் பற்றியோ எதுவும் இருக்காது. பல் எடுத்த குழியில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். எலும்பையும் நரம்பையும் மூடிக்காப்பது அதுதான். முதல் நாலைந்து நாள் நீங்கள் செய்வது, செய்யாமல் விடுவது எல்லாமே அந்தக் கட்டியைக் காப்பாற்றத்தான்.

நாள் குறிப்பதற்கு முன்

மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டை சாதாரணப் பல் சிகிச்சைக்கு உதவாது. வேலையிடத்தில் பல் காப்புறுதி இல்லாதவர்களுக்குக் கனேடியப் பல் பராமரிப்புத் திட்டம் உண்டு. குடும்பத்தின் நிகர வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாக இருக்க வேண்டும், வருமான வரிப் படிவமும் தாக்கல் செய்திருக்க வேண்டும். வருமானமே இல்லாவிட்டாலும் முதல் வருடமே வரிப் படிவம் போடச் சொல்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம். திட்டம் இருந்தாலும் பல் மருத்துவர் கேட்கும் தொகை திட்டத்தின் கட்டணத்தைவிட அதிகமாக இருக்கலாம். "நான் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாகாணத் தொழிற்சட்டத்துக்கு உட்பட்ட பெரும்பாலான வேலைகளில், சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தால் வருடத்துக்கு 3 நாள் சம்பளமில்லாத சுகவீன விடுப்பு உண்டு. 2024 அக்டோபர் 28 முதல் அந்த 3 நாளுக்கு முதலாளி மருத்துவரின் துண்டு கேட்க முடியாது. விடுப்பை மிச்சம் பிடிக்கப் பலர் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் யோசனை திங்கள் அல்லது செவ்வாய். வீக்கம் உச்சத்துக்குப் போவது இரண்டாம், மூன்றாம் நாளில், சிக்கல் தலைகாட்டுவது மூன்றாம், நாலாம் நாளில். அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கிளினிக் பூட்டியிருக்கும்.

மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் உங்களைக் கூட்டிப்போக ஒரு பெரியவர் நேரில் வர வேண்டும். டாக்சி ஓட்டுநரை மட்டும் நம்பி அனுப்ப மாட்டார்கள். 24 மணி நேரத்துக்குக் கார் ஓட்டக்கூடாது.

முதல் 24 மணி நேரம்

காஸ் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தடிப்பாக மடித்து, குழிக்கு நேர் மேலே வைத்து இறுகக் கடியுங்கள். பக்கத்துப் பற்களுக்கு நடுவில் அது சிக்கிக்கொண்டால் அழுத்தம் குழியில் விழாது. இரத்தம் நிற்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உலர்ந்த காஸை எடுக்கும்போது உறைந்த கட்டியும் ஒட்டிக்கொண்டு வரும், அதனால்தான் நனைக்கச் சொல்கிறோம். கடிகாரத்தைப் பார்த்து 30 முதல் 45 நிமிடம். பேசக்கூடாது. நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கவும் கூடாது.

இரண்டு மூன்று தடவை மாற்றியும் கசிந்தால் ஒரு சாதாரண கறுப்புத் தேயிலைப் பையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, நன்றாக ஆறவிட்டு, காஸில் சுற்றி 30 நிமிடம் கடியுங்கள். தேயிலையின் துவர்ப்புச் சத்தான டானின் இரத்தம் உறைய உதவும். கெமோமைல், புதினா போன்ற மூலிகைத் தேநீர்ப் பைகளை இதற்கு எடுக்காதீர்கள்.

எச்சில் இளஞ்சிவப்பாக வருவது ஒரு நாள் வரை வழமைதான். ஒரு சொட்டு இரத்தம் வாய் நிறைந்த எச்சிலில் கலந்தால் எல்லாமே இரத்தமாகத்தான் தெரியும். பயந்துபோய்த் துப்பத் தொடங்கினால், துப்பும் வேகத்தில் கட்டி அசைந்து மறுபடி இரத்தம் வரும், மறுபடி துப்புவீர்கள். துப்பாதீர்கள். விழுங்குங்கள், அல்லது குனிந்து தானாக வழிய விடுங்கள். ஸ்ட்ராவில் உறிஞ்சுவதும் அதே கெடுதலைத்தான் செய்யும். காறுவது, வாய் கொப்பளிப்பது, எண்ணெய் கொப்பளிப்பது, வெற்றிலை, புகை எதுவும் வேண்டாம். புகைப்பவர்கள் குறைந்தது மூன்று நாளாவது நிறுத்துங்கள். ஒரு வாரம் முடிந்தால் இன்னும் நல்லது.

உதடும் நாக்கும் சில மணி நேரம் மரத்திருக்கும். அதுவரை எதையும் மெல்லாதீர்கள், நாக்கைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. மறுநாளும் மரத்தே இருந்தால் கிளினிக்குக்குச் சொல்லுங்கள். இரவில் இரண்டு மூன்று தலையணை வைத்துத் தலை உயர்ந்திருக்கப் படுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றும் வாயால் மூச்சு விடுவதும் சேர்ந்து வாயை உலர்த்திவிடும். கட்டிலருகே தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை

மரப்பு விடுவதற்கு முன்பே முதல் மாத்திரையைப் போட வேண்டும். நோ கிளம்பிய பிறகு அதை அடக்குவது கடினம். மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், 200 மி.கி. அட்வில் (ஐபுபுரோஃபென்) இரண்டும் 500 மி.கி. டைலனோல் இரண்டும் ஒன்றாகப் போடலாம். காலை 8, மாலை 4, நள்ளிரவு 12 என்று பிரித்தால் ஒரு நாளில் அட்வில் 1200 மி.கி., டைலனோல் 3000 மி.கி. வரும். மருத்துவர் சொல்லாமல் அட்வில் அந்த 1200-ஐத் தாண்டக்கூடாது. டைலனோலுக்கு உச்ச எல்லை 4000.

சூட்கேஸில் கொண்டுவந்த மாத்திரைகளில் கவனம். ஊரில் பாரசிட்டமோல் என்பதைத்தான் இங்கே அசிட்டமினோஃபென் என்கிறார்கள். பனடோல், டோலோ, குரோசின், டைலனோல் எல்லாம் ஒரே மருந்து. மருத்துவர் எழுதித் தரும் டைலனோல் 3-இலும் ஒவ்வொரு மாத்திரைக்கும் 300 மி.கி. அதே மருந்து, கோடீன் என்ற வலுவான நோ மருந்தோடு சேர்ந்து இருக்கிறது. இரண்டையும் வேறு வேறு என்று நினைத்துப் போட்டால் ஈரல் பாதிக்கப்படும். பாலூட்டும் தாய்மார் கோடீன் எடுக்கக்கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் அட்வில்லைத் தொடாமல் மருந்தாளரைக் கேளுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த அன்டிபயோடிக்கை நீங்களாகத் தொடங்காதீர்கள்.

வீக்கம்

கன்னம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் அதிகம் வீங்கும். முதல் நாளைவிட மூன்றாம் நாள் முகம் பெரிதாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். முதல் இரண்டு நாள் உறைந்த பட்டாணிப் பையைத் துணியில் சுற்றி 20 நிமிடம் வைத்து, 20 நிமிடம் எடுங்கள். தமிழ்க் கடையில் வாங்கிய உறைந்த தேங்காய்ப்பூப் பாக்கெட்டும் கன்னத்தில் நன்றாகப் படியும். அதன் பிறகு ஐஸ் பயன்படாது, இளஞ்சூட்டு ஒத்தடம்தான். கொடுப்பு இறுகி வாய் சரியாகத் திறக்காதது ஒரு வாரம் வரை இருக்கலாம்.

சாப்பாடு

முதல் நாள் ஆறியவை மட்டும்: தயிர், மசித்த வாழைப்பழம், அப்பிள்சோஸ், ஆறவைத்த ஹோர்லிக்ஸ், கோன் இல்லாத ஐஸ்கிரீம். அடுத்த நாளிலிருந்து ரவைக் கஞ்சி, குழைய மசித்த பருப்பு, மென்மையாகக் கிளறிய முட்டை, ஆறிய சொதியில் ஊறி உடைந்த இடியப்பம். சோறு வேண்டுமென்றால் தயிரோடு கையால் நன்றாகப் பிசைந்து, மறுபக்கத்தால் உண்ணுங்கள். உதிரியான பருக்கை குழிக்குள் போனால் எடுப்பது கஷ்டம்.

தாளிதம் வேண்டவே வேண்டாம். ஒரு கடுகு குழிக்குள் சரியாகப் பொருந்தும். ரசத்தை வடிகட்டிக் குடியுங்கள், மிளகுத் துகளும் மிளகாய் விதையும் அதில்தான் ஒளிந்திருக்கும். புட்டு, முறுக்கு, மிக்சர், கச்சான், அப்பளம், எள்ளுருண்டை எல்லாம் இரண்டு வாரம் பொறுக்கட்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தப் பட்டியலே ஒரு பொறி. ஐஸ்கிரீமும் அப்பிள்சோஸும் சீனியை ஏற்றும். வழமையான மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிடந்தால் அதே சீனி ஆபத்தாக இறங்கும். இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் எடுப்பவர்கள் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் அளவு கேட்டுவையுங்கள். முட்டையும் பருப்பும் சீனியில்லாத தயிரும் உங்களுக்குக் கைகொடுக்கும்.

உப்புத் தண்ணீரும் உலர்ந்த குழியும்

உப்புத் தண்ணீர் 24 மணி நேரத்துக்குப் பிறகுதான். ஒரு கோப்பை, அதாவது 250 மில்லி இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. வாயில் வைத்துத் தலையை இரு பக்கமும் சாய்த்து, சிங்கில் தானாக விழ விடுங்கள். சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும், படுக்கப் போகும்போதும் செய்யுங்கள்.

இரண்டு நாள் குறைந்துவந்த நோ மூன்றாம், நாலாம் நாளில் திடீரெனக் கூடி, காதுப்பக்கம் இழுத்து, மாத்திரைக்கும் அடங்காமல், வாயில் கெட்ட நாற்றமும் வந்தால் கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். இங்கே இதை ட்ரை சாக்கெட் என்பார்கள். கிளினிக்கைக் கூப்பிட்டு அந்தச் சொல்லையே சொல்லுங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்தால் நோ விரைவில் தணியும். அந்த மருந்தில் பெரும்பாலும் கராம்பின் சத்து இருக்கும். அதற்காக வீட்டில் கராம்பெண்ணெய் ஊற்றாதீர்கள். அளவு தெரியாமல் விடும் எண்ணெய் முரசைப் பொசுக்கும். மஞ்சள்தூளும், முரசில் வைக்கும் அஸ்பிரினும் வேண்டாம்.

மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, 38.5 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, சீழ் வந்தாலோ அன்றே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால், நாக்கின் கீழ் வீங்கினால், இரத்தம் வாய் நிறைய வந்து நிற்காவிட்டால் 911. கிளினிக் பூட்டியிருக்கும் நேரத்துச் சந்தேகங்களுக்கு 811-இல் நர்ஸ் இருப்பார், கட்டணம் இல்லை. எடுத்தவுடன் "தமிழ் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்" என்றால் மொழிபெயர்ப்புக்கு வழி செய்வார்கள்.

தையல் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகக் கரைந்துவிடும். வளைந்த முனையுள்ள ஊசியற்ற சிரிஞ்ச் தந்திருந்தால், சொன்ன நாளிலிருந்து, பொதுவாக ஐந்தாம் நாளுக்குப் பிறகு, உப்புத் தண்ணீர் நிரப்பி முனையைக் கீழ்க்குழியின் வாயில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். முதலில் சோற்றுத் துணுக்கு வரும். தண்ணீர் தெளிவாக வரும்வரை அடியுங்கள். குழி மூட சில வாரங்கள் ஆகும், அதுவரை ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் இதைத் தொடருங்கள்.