ஹெல்மெட் சோதனையில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னால்

தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் பைக்கில் போகிறவன் நான். போலீஸ் கை காட்டினால் இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு எதிர்த்திசையில் ஓடவே ஓடாதீர்கள். அப்படி ஓடிய பையன் ஒருவன் லாரிக்கு முன்னால் சறுக்கி விழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என்ஜினை அணைத்துச் சாவியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஒரு காவலர் சட்டென்று என் சாவியைப் பிடுங்க, வண்டியோடு சாய்ந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் இருந்தாலே செல்லும். நெட் இல்லாத இடத்துக்காக முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள்.

ஹெல்மெட் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து அபராதம் 1000 ரூபாய். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், என் மனைவிக்கும் ஒன்று வாங்கிவிட்டேன். தப்பு நம்முடையதென்றால் வாதாட வேண்டாம். ஆனால் ரசீதில்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "சார், இ-சலான் போட்டுடுங்க" என்று பணிவாகச் சொல்லுங்கள். அந்த மின்னணு அபராதச் சீட்டில் வண்டி எண்ணையும், ஹெல்மெட் போடாததற்கான மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவையும் சரிபாருங்கள். பணத்தைப் பிறகு அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகன் தளத்தில் கட்டலாம்.

புது ஹெல்மெட் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 4151 என்ற ஹெல்மெட் தர எண்ணையும் பாருங்கள். தாடை வாரை மாட்டாமல் கிளம்பாதீர்கள்.