ஸ்மார்ட் கார்டும் விண்டோஸும்: முதல் டிஜிட்டல் கையொப்பம் வரை

திருகோணமலையில் இருந்துகொண்டே கொழும்புக் கோப்பில் கையொப்பமிடலாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இலத்திரனியல் கையொப்பத்தை ஏற்கிறது. நீங்கள் யார் என்று உறுதிப்படுத்தும் டிஜிட்டல் சான்றிதழ் ஏற்றிய ஸ்மார்ட் கார்ட், அதைப் படிக்கும் யூஎஸ்பி ரீடர், விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் போதும்.

கையொப்பமிடப் பயன்படும் உங்கள் இரகசியச் சாவி (ஒரு நீண்ட இரகசிய எண்) கார்டின் சிப்புக்குள்ளேயே இருக்கும், வெளியே வராது. கணினி ஆவணத்தைச் சுருக்கி, அதன் கைரேகை போன்ற ஹாஷ் ஒன்றை, பெரும்பாலும் 32 பைட்டில், அனுப்பும். சிப் அதில் கையொப்பமிட்டுத் திருப்பித் தரும். வைரஸால் சாவியைத் திருட முடியாது. ஆனால் கார்ட் செருகியிருக்க, பின் இலக்கமும் கொடுத்திருந்தால், உங்கள் பெயரில் கையொப்பம் வாங்கப் பார்க்கும். வேலை முடிந்ததும் கார்டைக் கழற்றிவிடுங்கள்.

முதலில் ரீடரைச் செருகுங்கள். இப்போதைய ரீடர்கள் பெரும்பாலும் சிசிஐடி என்ற பொதுத் தரத்தில் வருவதால் தனி டிரைவர் தேவைப்படாது. டிவைஸ் மனேஜரில் 'ஸ்மார்ட் கார்ட் ரீடர்ஸ்' தெரிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து கார்ட். உள்ளே போனதும் ஏடிஆர் என்ற சில பைட்டுகளால் தான் இன்ன வகை என்று அது சொல்லும். அதை வைத்துத்தான் விண்டோஸ் பொருத்தமான மினிடிரைவரை, அதாவது அந்தக் கார்டோடு பேசும் சிறு மென்பொருளை, தேடும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்: ரீடரில் லைட் எரியும், விண்டோஸுக்குக் கார்டை மட்டும் தெரியாது. கார்ட் நிறுவனத்தின் மினிடிரைவரை நிறுவுங்கள். பிஐவி என்ற தரத்துக்கேற்ற கார்டென்றால் அதற்கான மினிடிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. கடலோரத்து உட்துறைமுக வீதிப் பக்கம் அலுவலகம் என்றால் இன்னொன்று: உப்புக்காற்றில் ரீடரில் கார்டைத் தொடும் உலோக முனைகள் கறுத்துப்போகலாம். வேறொரு ரீடரில் போட்டுப் பார்த்தால் குறை எதில் என்று தெரிந்துவிடும்.

இனி ஸ்டார்ட் மெனுவில் 'மனேஜ் யூசர் சேர்டிஃபிகேட்ஸ்' என்று தேடித் திறந்து, 'பேர்சனல்' பகுதியில் உங்கள் பெயரைத் தேடுங்கள். சான்றிதழைத் திறந்தால் இரகசியச் சாவி உங்களிடம் இருப்பதாக அடியில் ஒரு வரி வரும். பதற வேண்டாம், கணினிக்கு நகலாகியிருப்பது சான்றிதழ் மட்டுமே. சாவி எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் கூடவே இருக்கும்.

அடோபி ரீடரில் பிடிஎஃபைத் திறந்து, சான்றிதழ்க் கையொப்பத்தைத் தேர்ந்து, பின் இலக்கத்தைக் கொடுங்கள். பல கார்டுகள் மூன்று முறை பிழைத்தால் பூட்டிக்கொள்ளும். அந்தக் கணக்கு சிப்புக்குள் இருப்பதால் வேறு கணினிக்கு மாற்றிப் பயனில்லை. பூட்டைத் திறப்பதற்கென்றே தரும் பியூகே இலக்கம் இருந்தால் திறக்கலாம். இல்லையென்றால் கார்ட் தந்தவர்களிடம்தான் போகவேண்டும்.

விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ் வைத்திருப்பவருக்கு பிசிஎஸ்சிடி, ஓப்பன்எஸ்சி என இரண்டு பொதிகள் தேவை. பயர்பொக்ஸில் 'செக்யூரிட்டி டிவைசஸ்' திறந்து கார்டோடு பேச உதவும் ஓப்பன்எஸ்சியின் பிகேசிஎஸ்-11 கோப்பை ஏற்றினால் பெரும்பாலும் உலாவிக்கும் கார்ட் தெரியும்.