ஃபைப்ரோமயால்ஜியா: எங்கள் வீட்டில் செய்த தவறுகள்

அக்காவுக்கு உடம்பெல்லாம் வலிக்க ஆரம்பித்து மூன்றாவது வருடத்தில்தான் அதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் ஒரு மஞ்சள் பை நிறைய எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் சேர்ந்திருந்தது. எல்லாமே நார்மல். அந்த மூன்று வருடம் நாங்கள் செய்த தவறுகளை இன்னும் பல வீடுகளில் பார்க்கிறேன்.

பெரிய தவறு, ரிப்போர்ட் நார்மல் என்றால் வலியே இல்லை என்று முடிவு கட்டியது. "வேலைக்குப் பயந்து சொல்றா" என்று பேசியவர்கள் உண்டு. நானும் ஓரிரு முறை அப்படி நினைத்திருக்கிறேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கையில் இறுகும்போது அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவாள். நமக்கு அது வெறும் இறுக்கம், அவளுக்கு வலி. இந்த நோயில் தசையிலும் மூட்டிலும் பழுது இருக்காது. உடம்பிலிருந்து வரும் சேதியைத் தண்டுவடமும் மூளையும் எடுத்துக்கொள்ளும் விதம்தான் மாறியிருக்கிறது. 2002-ல் அமெரிக்காவில் நோயாளிகளின் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மற்றவர்களுக்கு லேசாகத் தெரிந்த அதே அழுத்தத்துக்கு இவர்கள் மூளையில் வலிக்கான பகுதிகள் விழித்துக்கொண்டன. எக்ஸ்ரேயில் இதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அடுத்தது, ஒற்றைக் காரணத்தைப் பிடித்துக்கொள்வது. சிசேரியன் சமயத்தில் முதுகில் போட்ட ஊசிதான் என்று அம்மா பல வருடம் நம்பினார். அந்த ஊசியால் இப்படி வருடக்கணக்கில் உடம்பு முழுக்க வலி பரவாது. பரம்பரைக்குப் பங்கு உண்டு. நோயாளியின் நெருங்கிய ரத்த உறவுகளுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். அதன் மேல் ஒரு விபத்தோ, தொற்றோ, நீண்டகால மன அழுத்தமோ, தூக்கக் கேடோ சேரும்போது தொடங்கலாம். சிலருக்கு எதுவும் இல்லாமலும் வரும்.

சரி, அதற்காக எல்லா உடம்பு வலிக்கும் இந்தப் பெயரை வைத்துவிடவும் கூடாது. தைராய்டு குறைவு, வைட்டமின் டி குறைவு, ரத்தசோகை, கொலஸ்ட்ரால் மாத்திரை இவற்றாலும் உடம்பு வலியோ அசதியோ வரும். மூட்டு வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, எடை குறைந்தாலோ வேறு நோயைத் தேட வேண்டும். இன்னொன்று: முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை, நோயில்லாதவர்களுக்கும் சில சமயம் பாசிட்டிவ் காட்டும். அந்தத் தாளை மட்டும் வைத்து முடக்குவாதம் என்று பயந்துவிடாதீர்கள். உடம்பில் 18 இடங்களை அழுத்தி 11-ல் வலித்தால்தான் இந்த நோய் என்பது 1990-ஆம் ஆண்டு விதி. 2010-லேயே வேறு முறை வந்துவிட்டது. உடம்பில் பரவலாக 3 மாதம் நீடிக்கும் வலி, தூங்கி எழுந்தும் தீராத அசதி, மறதி, இவற்றைக் கேட்டுத்தான் இப்போது கண்டுபிடிக்கிறார்கள். ருமாட்டாலஜிஸ்டிடம் (வாத நோய் நிபுணரிடம்) ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

மருந்து விஷயத்தில் நாங்கள் இரண்டு பக்கமும் தவறினோம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையை மாதக்கணக்கில் போட்டாள். ஸ்டீராய்டும் நடந்தது. அழற்சியே இல்லாத இடத்தில் அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. வயிற்றுப் புண்தான் மிச்சம். அப்புறம் ஒரு மருத்துவர் ராத்திரிக்கு 10 மி.கி. அமிட்ரிப்டிலின் எழுதினார். இணையத்தில் பார்த்தால் மனச்சோர்வு மாத்திரை என்றிருந்தது. "எனக்கென்ன பைத்தியமா?" என்று அக்கா அட்டையோடு தூக்கிப் போட்டாள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு. சிறிய அளவில் அது தூக்கத்தையும் வலி நரம்புகளையும் சரிசெய்யத்தான். டுலாக்ஸெட்டின், பிரிகாபாலின் என்ற மாத்திரைகளையும் இந்த நோயில் வலிக்காகத்தான் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் கேட்காது, கேட்டாலும் வலி குறையுமே தவிர முழுக்கப் போகாது. தலைசுற்றல், வாய் உலர்தல், எடை கூடுதல் வரலாம். நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

ஆனால் எங்களை அதிகம் பாடுபடுத்தியது ஓய்வும் வேலையும்தான். வலிக்கிறதே என்று முதலில் படுக்கையிலேயே வைத்திருந்தோம். உடம்பு இன்னும் தளர்ந்தது. ஒரு மார்கழிக் கடைசியில் இரண்டு நாள் வலி நன்றாகக் குறைந்திருந்தது. விட்ட வேலையெல்லாம் முடித்துவிடலாம் என்று அக்கா பரணிலிருந்த பித்தளைப் பாத்திரங்களை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, ஜன்னல் திரைகளையும் துவைத்துக் காயப்போட்டாள். பொங்கலன்று அவளால் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. ஒரு வாரம் படுக்கை. நல்ல நாளில் அளவு மீறுவதும் கெட்ட நாளில் முழுக்க முடங்குவதும் மாறி மாறி நடந்தால் நோய் விடவே விடாது. ஐரோப்பிய வாத நோய் அமைப்பு 2017-ல் வெளியிட்ட பரிந்துரையில் அழுத்தமாகச் சொன்ன ஒரே சிகிச்சை உடற்பயிற்சி. அதை எவ்வளவு சிறிதாகத் தொடங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அக்கா தெருமுனை வரை 5 நிமிடம் நடப்பதில் தொடங்கினாள். முதல் இரண்டு வாரம் வலி கொஞ்சம் கூடியது, அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். நல்ல நாளிலும் அதே 5 நிமிடம்தான் என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். 25 நிமிடத்துக்கு வர ஐந்து மாதம் ஆனது.

தூக்கத்தை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. 1975-ல் கனடாவில் ஆரோக்கியமான மாணவர்களை ஆழ்ந்து தூங்கும்போது மட்டும் தொந்தரவு செய்து பார்த்தார்கள்; சில ராத்திரிகளிலேயே அவர்களுக்கும் உடம்பு வலி வந்தது. ராத்திரி ஒரே நேரத்தில் படுப்பது, சாயங்காலத்துக்கு மேல் காபி குடிக்காமல் இருப்பது இதெல்லாம் மாத்திரையளவுக்கு முக்கியம். குறட்டை இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்ப்பார்கள். அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.