குழுப் பணிக்குக் கருத்துச் சொல்லும்போது முதலில் எண்களைப் பொருத்திப் பாருங்கள்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு நாலு மாடி அலுவலகக் கட்டடத்தைக் கொடுத்து ஏர்கோன், மின்சாரம், குழாய் அமைப்பு எல்லாவற்றையும் வடிவமைக்கச் சொன்னால், மாணவர்கள் ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொள்வார்கள். தவறு பெரும்பாலும் அந்தப் பகுதிகள் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கும்.

அடிக்கடி வரும் ஒன்று: ஏர்கோன் பகுதியைச் செய்தவர் குளிரூட்டும் சுமை 20 டன் (இது எடை அல்ல, குளிரூட்டும் திறனின் அலகு), அதாவது சுமார் 70 கிலோவாட் என்று கணக்கிடுவார். மின்சாரப் பகுதிக்காரர் அந்த 70-ஐ அப்படியே மின்சுமைப் பட்டியலில் எழுதிவிடுவார். அது அகற்ற வேண்டிய வெப்பம், மின்சாரம் அல்ல. சி.ஓ.பி. (அகற்றும் வெப்பம், அதற்குச் செலவாகும் மின்சாரத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற அளவு) 3 என்றால் தேவை ஏறக்குறைய 23 கிலோவாட்தான். 400 வோல்ட் மும்முனை மின்சாரத்தில், பவர் ஃபேக்டர் (எடுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.85 என்றால், சுமார் 40 ஆம்பியர். தவறான கணக்கில் 119 வரும். கேபிள், பிரேக்கர் எல்லாமே தேவையில்லாமல் பெருத்துவிடும்.

ஏர்கோன் கணக்கில் வெளிக்காற்றின் ஈரப்பதம் சேர்ந்திருக்கிறதா என்றும் தேடுங்கள். நம் ஊர் மதிய வெயிலில், உள்ளே இழுக்கும் புதுக்காற்றை 24 பாகைக்குக் குளிர்விப்பதைவிட அதன் ஈரத்தைப் பிரிக்கவே இரு மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். இதை விட்டால் அறை குளிரும், ஆனால் பிசுபிசுக்கும். பிரித்த அந்த ஈரம் நீராக வெளியேற ஏர்கோன் வடிநீர்க் குழாய் வரைபடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

“நன்று, மேம்படுத்தவும்” என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. “பக்கம் 6-இல் 70, பக்கம் 14-இலும் 70, இரண்டும் ஒரே பொருளா?” என்று கேளுங்கள். பதிலைக் குழுவில் வேறு பகுதியைச் செய்தவரே சொல்லட்டும்.