முன்பல் பாண்டிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்பல் இடைவெளியை அடைக்கவும் முனை உடைந்த பல்லைச் சரிசெய்யவும் செய்யும் காம்போசிட் பாண்டிங், அதாவது பல் நிறப் பிசினைப் பல்லில் ஒட்டி வடிவமைக்கும் சிகிச்சை, பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். அதை நம்பி, கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பாளையங்கோட்டைக்குப் பல் டாக்டரைத் தேடி ஓடுவதுதான் பெரிய தவறு. ஈறு வீங்கி இரத்தம் கசிந்தால் ஒட்டு சரியாகப் பிடிக்காது. முதலில் பல்லில் படிந்த காரையை நீக்கி, ஈறு ஆற ஒன்றிரண்டு வாரம் விட வேண்டும். பல்லை வெளுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் முன்பே முடிக்க வேண்டும். காம்போசிட் வெளுக்காது, பின்னால் பிளீச்சிங் செய்தால் ஒட்டிய இடம் மட்டும் தனியாகத் தெரியும். பிளீச்சிங் முடிந்த கையோடும் ஒட்டக்கூடாது. பல்லில் தங்கும் ஆக்சிஜன் பசையின் பிடிப்பைக் குறைக்கும், நிறமும் அடங்கியிருக்காது. இரண்டு வாரம் பொறுங்கள்.

நிறம் பார்ப்பது வேலை தொடங்கும் முன், பல் ஈரமாக இருக்கும்போது. காய்ந்த பல் உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும். பொட்டளவு காம்போசிட்டைப் பல்லில் வைத்து, அதை இறுக வைக்கும் லைட்டைக் காட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒட்டு பிடிக்கப் பல்லைச் சொரசொரப்பாக்கும் ஆசிட் இன்னும் போடாததால் எளிதாகப் பெயர்த்துவிடலாம்.

ஒட்டு சீக்கிரம் பெயர்வதற்கு முக்கியக் காரணம் எச்சில். 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட்டைப் பல்லின் மேல்பூச்சான எனாமலில் 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவி உலர்த்துவார்கள். அந்த நேரத்தில் நாக்கு பட்டாலே ஆசிட்டை மறுபடி வைக்க வேண்டும். பேசாதீர்கள், கையால் சைகை காட்டுங்கள். காம்போசிட்டை 2 மில்லிமீட்டருக்கு மேல் கனமாக ஒரே அடுக்காக வைத்தால் லைட் அடிவரை எட்டாமல் உள்ளே மெத்தென்று நின்றுவிடும்.

எழும் முன் கீழ்த்தாடையை முன்னும் பக்கமும் நகர்த்திக் கடித்துப் பாருங்கள். எங்காவது இடித்தால் உடனே தேய்க்கச் சொல்லுங்கள். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூல் அங்கே பிசிறினால் ஓரம் துருத்தியிருக்கிறது, ஈறு வீங்கும்.

முதல் இரண்டு நாள் டீ, காபி, மஞ்சள் தூக்கலான குழம்பு வேண்டாம். வெற்றிலையும் புகையும் எப்போதுமே கறைதான். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் கறை ஏற்றும். கரித்தூளால் பல் தேய்த்தால் ஒட்டின் பளபளப்பு தேய்ந்துவிடும்.

நம் திருநெல்வேலிப் பக்கத்தில் கவனிக்க வேண்டியது பொங்கல் நேரம். கரும்பை முன்பல்லால் உரிப்பதும் பனங்கிழங்கு நாரைக் கடித்து இழுப்பதும் ஒட்டின் முனையைப் பெயர்த்துவிடும். பீடி நூலையோ தையல் நூலையோ பல்லால் அறுப்பதும் அப்படித்தான். அல்வாவால் ஒட்டுக்குக் கேடில்லை, ஆனால் இனிப்பு தங்கினால் ஓரத்தில் சொத்தை வரும், வாய் கொப்பளியுங்கள். தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் நைட் கார்டு (இரவில் பல்லில் மாட்டும் உறை) போட வேண்டும்.

முனை லேசாகப் பெயர்ந்தால் முழுவதையும் எடுக்கச் சம்மதிக்காதீர்கள். ஓரத்தைச் சொரசொரப்பாக்கி, அதன்மேலேயே புதிதாக வைத்துச் சரிசெய்யலாம்.